நழுவி விழுந்த முகப்பு: கட்டடங்களோடு விளையாடும் கலை

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் மார்கேட் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் லண்டன்வாசிகள் கோடை விடுமுறைக்கு மூட்டை முடிச்சோடு போய் இறங்கிய இடம். வெளிநாட்டுக் கடற்கரைகளுக்கு மலிவாகப் பறக்கலாம் என்ற நிலை வந்ததும் களையிழந்துபோனது. அந்த ஊரின் கிளிஃப்டன்வில் பகுதியில் நான்கடுக்கு வீடு ஒன்று பதினோரு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. 2013இல் அந்த வீட்டின் முகப்பு நழுவிவிட்டது.

இடிந்து விழவில்லை, விரிசல்கூட விடவில்லை. செங்கல், ஜன்னல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, முன்சுவர் மொத்தமும் ஒரே துண்டாகக் கீழே இறங்கி, தரையைத் தொடும் இடத்தில் மெதுவாக வளைந்து, வீட்டு முன்னால் இருந்த வெற்றிடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. முகப்பு விட்டுப்போன உச்சி மாடியில் பாழடைந்த அறைகள் தெருவுக்குத் திறந்து கிடந்தன. பக்கத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வழக்கம்போல வரிசையில் நின்றன.

இதைச் செய்தவர் அலெக்ஸ் சின்னெக். 1984இல் பிறந்தவர், லண்டனில் ஓவியம் படித்தவர்; அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. படைப்பின் பெயர் ‘என் மூக்கின் முழங்கால் முதல் என் கால்விரல்களின் வயிறு வரை’. இப்படி அர்த்தமில்லாத நீளப் பெயர் வைப்பது அவர் வழக்கம். பெயரைப் பார்த்து யாரும் தத்துவம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே வைத்ததுபோல இருக்கும். கலைக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் ஆளும் தெருவில் நின்று பார்த்துச் சிரிக்க வேண்டும், அதற்கு முன்னறிவு எதுவும் தேவைப்படக் கூடாது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நோக்கம்.

கட்டடங்களைச் சாத்தியமே இல்லாத நிலையில் காட்டும் இந்த வகைக் கலை கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பெருநகரங்களில் பரவிவிட்டது. மிதக்கும் கட்டடம், உருகும் வீடு, தலைகீழ் முகப்பு, ஜிப் திறந்த சுவர் என்று கைப்பேசியில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. படத்தைப் பார்த்தவுடன் வரும் கேள்வி ‘இது போட்டோஷாப் வேலையோ?’ என்பதுதான். இல்லை, செங்கல்லும் இரும்பும் கொண்டு கட்டியது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: எப்படி? அதோடு, இப்படி ஒன்றைக் கட்ட யார் இடம் கொடுக்கிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள்? விஷயம் சுவாரசியமாவது இந்தக் கேள்விகளில்தான்.

312 உடைந்த ஜன்னல்கள்

மார்கேட்டுக்கு முந்தைய ஆண்டில் சின்னெக் செய்த வேலை ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் கணக்கில் அதுதான் திறவுகோல். லண்டனின் ஹாக்னி பகுதியில் இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்சாலை ஒன்று. அதன் ஜன்னல் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, உடைந்த கண்ணாடிகளைப் பொருத்தினார். கைவிடப்பட்ட தொழிற்சாலையில் ஜன்னல் உடைந்திருப்பதில் என்ன அதிசயம்? கடந்துபோகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் யாராவது ஒருவர் நின்று இரண்டாவது ஜன்னலையும் மூன்றாவது ஜன்னலையும் பார்த்தால் சங்கடம் ஆரம்பிக்கும். 312 ஜன்னல்களும் ஒரே மாதிரி உடைந்திருந்தன. அதே இடத்தில் ஓட்டை, அதே கோணத்தில் விரிசல், அதே கூர்முனை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் நான்கு துண்டாக மொத்தம் 1,248 கண்ணாடித் துண்டுகளை அளவெடுத்து வெட்டியிருந்தார்.

கல்லெறிந்து ஒரு கண்ணாடியை உடைக்க யாராலும் முடியும். இரண்டாவதை அச்சு அசலாக அப்படியே உடைக்க யாராலும் முடியாது. அந்தக் கட்டடத்தில் மிதப்பதோ உருகுவதோ எதுவுமில்லை. தற்செயலாக நடக்க வேண்டிய ஒன்று 312 முறை மாறாமல் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகைக் கலையில் உழைப்பெல்லாம் எங்கே போகிறது என்பதை இந்த ஜன்னல்கள் காட்டிக்கொடுக்கின்றன. சாத்தியமில்லாததாகத் தெரியும் பகுதி பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய யோசனை. சுவர் நழுவுகிறது, வீடு மிதக்கிறது, அவ்வளவே. பணமும் மாதங்களும் தின்பது மற்றது: அந்தச் சுவர் அந்தத் தெருவின் சுவராகவே இருக்க வேண்டும். அதே காலத்துச் செங்கல் நிறம், அதே ஜன்னல் சட்டம், அதே அழுக்கு. ஒன்று பிசகினால் பார்ப்பவர் ‘ஏதோ செட்டு போட்டிருக்கிறார்கள்’ என்று நகர்ந்துவிடுவார். சாதாரணத்தைக் கச்சிதமாகச் செய்தால்தான் அசாதாரணம் எடுபடும். மார்கேட் வீட்டுக்கு ஓராண்டு தயாரிப்பும் சுமார் ஒரு லட்சம் பவுண்டும் ஆனதென்றால், அதில் பெரும்பகுதி ‘வழக்கமான வீடு’ என்ற தோற்றத்துக்கே போயிருக்கும். கட்டுமான நிறுவனங்கள் பல பொருட்களை இலவசமாகவே தந்தன.

செங்கல் எப்படி வளைகிறது?

இந்தக் கலைஞர்கள் செங்கல்லை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் வழக்கமான செங்கல் 215 மில்லிமீட்டர் நீளம், 65 மில்லிமீட்டர் உயரம். நடுவில் 10 மில்லிமீட்டர் சாந்து. கிடைமட்டமாகக் கோடுகள், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்குத்துக் கோடுகள். பார்ப்பவருக்குத் தெரியாமலே அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு வரைபடத் தாள் விரிக்கப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர் வளைந்தால் நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செங்கல் சுவர் வளைந்தாலோ கோடுகளே சொல்லிவிடும்: எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு வளைந்தது, எங்கே முடிந்தது. போதாக்குறைக்குச் செங்கல் வளையாது என்பது கொத்தனார் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் தெரியும்.

உண்மையிலும் எந்தச் செங்கல்லும் வளைவதில்லை. வளைவை ஏற்றுக்கொள்வது நடுவில் இருக்கும் சாந்துதான். சுவர் வளையும்போது ஒவ்வொரு இடைவெளியும் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்பு வடிவம் கொள்கிறது. சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஒன்றரை மீட்டர் ஆரத்தில் சுவரை வளைக்க வேண்டும் என்று வையுங்கள். சுமார் 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுச் செங்கல்லை வைத்தால், முன்பக்கம் 10 மில்லிமீட்டராக இருக்கும் இடைவெளி பின்பக்கம் 5 ஆகச் சுருங்கிவிடும். செங்கல்லின் முகத்தை மட்டும் 20 மில்லிமீட்டர் தகடாக அறுத்து ஒட்டினால் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, எடையும் ஐந்தில் ஒரு பங்கு. பின்னால் வளைந்த இரும்புச் சட்டகம், அதன்மேல் பலகை, பலகைமேல் செங்கல் தகடு, இடுக்குகளில் சாந்து: வளைந்த செங்கல் பரப்புக்குப் பொதுவான வழி இதுதான்.

இரும்புச் சட்டகம் செய்பவருக்கு இன்னொரு தலைவலி காற்று. நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பரப்பு எதுவானாலும் காற்று அதைத் தள்ளப் பார்க்கும். பின்னால் கட்டடம் இருந்தால் அதில் கட்டிவிடலாம். தனியாக நிற்க வேண்டுமென்றால் அடித்தளத்துக்கும் எதிர் எடைக்கும் இடம் தேட வேண்டும். அதையும் மறைக்க வேண்டும்.

மறைப்பதில் சின்னெக் செய்த பெரிய சாகசம் 2014 அக்டோபரில் லண்டன் கோவென்ட் கார்டனில் நடந்தது. அங்கே 1830இல் கட்டிய சந்தைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. கல் தூண்களும் வளைவுகளும் கொண்டது. அதன் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு தரையிலிருந்து மேலெழும்பி நிற்பதுபோல ஒரு கட்டடத்தைச் சதுக்கத்தில் நிறுவினார். தூண்களின் கீழ்ப்பாதி தரையில், மேல்பாதி கூரையோடு அந்தரத்தில், நடுவில் வெறும் காற்று. சுற்றுலாப் பயணிகள் அந்த இடைவெளிக்குக் கீழே நடந்துபோனார்கள். கல்லைப்போலத் தெரிந்தது கணினி உதவியால் செதுக்கிய பாலிஸ்டைரீன் நுரை, அதாவது தெர்மோகோல் வகை. மேலே கல்லின் நிறமும் கறையும் தீட்டியிருந்தார்கள். உள்ளே எஃகுச் சட்டகம். மொத்தப் பாரத்தையும் தாங்கிய எஃகுத் தூண், ஓரமாக நின்ற சந்தைத் தள்ளுவண்டிக்குள் ஒளிந்திருந்தது. கட்டடம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க நான்கு டன் எதிர் எடை. சந்தையில் தள்ளுவண்டி நிற்பதை யார் சந்தேகப்படுவார்கள்? மந்திரவாதி கைக்குட்டையைக் காட்டும் நேரத்தில் இன்னொரு கையில் நடக்கும் வேலை அந்த வண்டியில் நடந்தது.

அதே ஆண்டு சவுத்வார்க்கில் அவர் கட்டிய வீடு எதையும் மறைக்கவில்லை. ஏழெட்டாயிரம் மெழுகுச் செங்கற்களால் இரண்டு மாடி வீடு. பார்வைக்கு அசல் செங்கல். அதை ஒரு மாதம் தினமும் சூடுகாட்டி உருக்கினார்கள். சுவர்கள் வழிந்து ஒழுகி, ஜன்னல் சட்டங்கள் கோணி, கடைசியில் கூரை தரையோடு வந்து உட்கார்ந்தது. மார்கேட் வீட்டைவிட எனக்கு இது ஒரு படி மேலாகப் படுகிறது. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புது வீடு. அவருக்கு மட்டும்தான் முழுக் கதையும் தெரியும். ஒரே புகைப்படத்தில் இதைச் சொல்லி முடிக்க முடியாது.

சுவருக்கு வேலை போன கதை

இப்படிச் சுவரைக் கழற்றி மாட்டி விளையாட முடிவதற்குப் பின்னால் கட்டடக்கலையின் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. சுவர்தான் கூரையைச் சுமந்தது என்ற காலத்தில் முகப்பைத் தொட்டால் வீடே இறங்கிவிடும். எஃகுச் சட்டகமும் கான்கிரீட் தூண்களும் வந்த பிறகு சுமக்கும் வேலை சுவரிடமிருந்து பறிபோனது. இன்று கண்ணாடி, கல், செங்கல் என்று நாம் வெளியே பார்ப்பது பெரும்பாலும் மேலே மாட்டிய உறை. செங்கல் கட்டடம் என்று நம்பி நாம் கடந்துபோகும் புதிய கட்டடங்கள் பலவற்றில் செங்கல் எதையும் தாங்கவில்லை. அப்படிப் பார்த்தால் நழுவும் முகப்பு பொய் சொல்லவில்லை. கட்டட உலகம் வெளியே சொல்லாததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் கேலியாக்கியது அமெரிக்காவில், அதுவும் பெட்டிபோல நின்ற பேரங்காடிகளில். 1970இல் ஜேம்ஸ் வைன்ஸ் நியூயார்க்கில் ‘சைட்’ என்ற கட்டடக்கலைக் குழுவைத் தொடங்கினார். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்ற ‘பெஸ்ட் ப்ராடக்ட்ஸ்’ நிறுவனத்தின் கடைகள் அவர்களுக்குக் கிடைத்தன. நெடுஞ்சாலை ஓரத்தில், கார் நிறுத்துமிடத்துக்கு நடுவில், ஜன்னலே இல்லாத செங்கல் பெட்டிகள். அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களான சிட்னி, பிரான்சிஸ் லூயிஸ் தம்பதி விசித்திரமான கலைச் சேகரிப்பாளர்கள். ஓவியர்களுக்குக் கடைச் சாமான்களைக் கொடுத்து ஓவியங்களை வாங்கிக்கொண்டவர்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு ஓவியம் என்ற பண்டமாற்றை நடத்தியவர்களுக்குக் கடைச் சுவரைப் பிய்க்க அனுமதி கொடுப்பதில் தயக்கம் இருந்திருக்காது.

1972இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கடையின் செங்கல் முகப்பு மூலைகளில் உரிந்து தொங்கியது. 1975இல் ஹூஸ்டனில் சுவரின் உச்சி இடிந்து, செங்கற்கள் வாசல் மேலே அருவிபோலக் கொட்டி உறைந்து நின்றன. 1977இல் சாக்ரமெண்டோவில் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. கடையின் ஒரு மூலை கடித்தெடுத்ததுபோல ஒழுங்கில்லாமல் பிய்ந்திருக்கும்; பிய்ந்த 45 டன் துண்டு சற்றுத் தள்ளி நிற்கும். அந்த இடைவெளிதான் வாசல். துண்டு தண்டவாளத்தில் ஓடும். காலையில் சுமார் 12 மீட்டர் விலகினால் கடை திறந்தது, மாலையில் திரும்பி வந்து பொருந்தினால் கடை மூடியது. கதவே இல்லாமல் கதவின் வேலையைச் செய்யவைத்த அந்தத் துணிச்சலுக்கு முன்னால் பின்னாளில் வந்த ஜிப் சுவர்கள் கொஞ்சம் மெல்லிசாகத்தான் தெரிகின்றன.

ஏனென்றால் வைன்ஸின் கேலிக்கு ஒரு இலக்கு இருந்தது. ஊருக்கு ஊர் ஒரே அச்சில் முளைத்த முகமற்ற கடைகளைப் பார்த்து, ‘இதுவும் ஒரு கட்டடமா?’ என்று கேட்டது அது. பெஸ்ட் நிறுவனம் 1990களில் நொடித்துப்போனது. கடைகள் கைமாறின, புதிதாக வந்தவர்கள் உரிந்ததை ஒட்டி, இடிந்ததை நேராக்கி, மறுபடி பெட்டிகளாக்கிவிட்டார்கள். கட்டடத்தின் நடுவே மரங்களை அப்படியே விட்டுக் கட்டிய ரிச்மண்ட் கடை ஒன்று மட்டும் தப்பியது. இப்போது அது ஒரு தேவாலயம்.

இன்னும் பின்னோக்கிப் போனால் இத்தாலியின் மாந்துவா நகரில் நிற்கலாம். 1520களில் கட்டடக்கலைஞர் ஜூலியோ ரொமானோ அங்கே பலாட்ஸோ தே என்ற மாளிகையைக் கட்டினார். அதன் முற்றத்தில் தூண்களுக்கு மேலே ஓடும் அலங்கார வரிசையில் சில கல் துண்டுகள் மட்டும் கீழே நழுவி இறங்கியதுபோலச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கட்டடக்கலை விதிமுறைகளைக் கரைத்துக் குடித்த விருந்தினர்களை ஒரு கணம் திடுக்கிடவைக்கும் குறும்பு. ஆக, நழுவும் கட்டடத்துக்கு வயது ஐந்நூறு. அப்போது அது அரண்மனைக்குள் நடந்தது, இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் நடக்கிறது.

நிஜமாகவே சுழன்ற சுவர், கண்ணாடியில் ஏறிய மனிதர்கள்

போலி முகப்பு எதுவும் வேண்டாம், இருக்கும் கட்டடத்தையே அசைத்துப் பார்ப்போம் என்று இறங்கியவர் சிற்பி ரிச்சர்ட் வில்சன். 2008இல் லிவர்பூல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக ஆகவிருந்ததையொட்டி 2007இல் அந்த நகரின் மூர்ஃபீல்ட்ஸ் தெருவில், காலியாகக் கிடந்த கட்டடத்தின் முகப்பில் 8 மீட்டர் அகலத்துக்கு முட்டை வடிவத்தில் வெட்டினார். ஜன்னல், சுவர், தளத்தின் விளிம்பு எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிய துண்டு அது. அதைச் சாய்வாக ஒரு அச்சில் பொருத்தி மோட்டாரை ஓடவிட்டார். துண்டு சுழன்று ஒரு பக்கம் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டு வரும், மறுபக்கம் கட்டடத்துக்குள் போகும். ஒரு சுற்றில் ஒரே ஒரு கணம் மட்டும் முகப்போடு கச்சிதமாகப் பொருந்தி, ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு மீண்டும் பிதுங்கும். 2011 வரை அது ஓடியது.

இதில் மாயை எதுவும் இல்லை. பார்ப்பது அத்தனையும் உண்மை. சின்னெக் கண்ணை ஏமாற்றுகிறார் என்றால் வில்சன் கண்ணை நம்பச்சொல்கிறார். நம்பமுடியாமல் தவிப்பது நாம்தான்.

புவனோஸ் ஐரெஸில் 1973இல் பிறந்த கலைஞர் லியாண்ட்ரோ எர்லிக் போகும் பாதை வேறு. அவர் சூட்சுமத்தை வாசலிலேயே வைத்துவிடுகிறார். 2013இல் லண்டனின் டால்ஸ்டன் பகுதியில் அவர் அமைத்த வீட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பாணி முகப்பு தரையில் மல்லாக்கக் கிடந்தது. அதற்கு மேலே 45 பாகைச் சாய்வில் ஒரு பெரிய கண்ணாடி. 45 பாகையில் வைத்த கண்ணாடி தரையைச் சுவராக நிமிர்த்திக் காட்டும் என்பது பள்ளி இயற்பியல். தரையில் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுத்தால், கண்ணாடியில் மூன்றாவது மாடியில் தொங்குவதுபோலத் தெரியும். கால்களை நீட்டிச் சுவரில் ‘நடக்கலாம்’. ஒரு கையில் தலையைச் சாய்த்துப் படுத்தால் ஈர்ப்பு விசையை மதிக்காமல் அந்தரத்தில் ஓய்வெடுக்கலாம். 2004இல் பாரிஸில் முதலில் செய்த இந்த யோசனையை ஊருக்கு ஊர் அந்தந்த ஊர் முகப்போடு அவர் திரும்பக் கட்டியிருக்கிறார். 2017இல் டோக்கியோவின் மோரி கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவருடைய கண்காட்சிக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

எர்லிக்கின் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. தரையில் ஒரு சுவர், மேலே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். மானம் மரியாதை பார்க்காமல் கோட்டு சூட்டோடு தரையில் உருளத் தயாரான மனிதர்கள்தான் அதைக் கட்டி முடிக்கிறார்கள்.

யார் இடம், யார் பணம்?

இதுவரை சொன்ன இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பதினோரு ஆண்டு பூட்டிக் கிடந்த வீடு. இடிக்கப்படவிருந்த தொழிற்சாலை. காலியான லிவர்பூல் கட்டடம். டால்ஸ்டன் வீடு நின்றதும் ஒரு காலி மனையில். சின்னெக் 2018இல் கென்ட் மாவட்டத்தின் ஆஷ்ஃபோர்டில் ஜிப் திறந்ததுபோல முகப்பைப் பிளந்ததும் இடிப்பதற்குக் காத்திருந்த பழைய அலுவலகக் கட்டடத்தில்தான். நகரத்தில் பழையது போய்ப் புதியது வருவதற்கு நடுவே ஒரு வெற்றுக் காலம் இருக்கிறது. அனுமதி வர வேண்டும், கடன் கிடைக்க வேண்டும், வாங்குபவர் வர வேண்டும். அந்த இடைக்காலத்தில் கட்டடம் யாருக்கும் பயன்படாது, உடைத்தாலும் நஷ்டமில்லை. இந்தக் கலை வளர்ந்தது அந்த இடுக்கில்.

அதனால்தான் இதன்மேல் ஒரு சந்தேகமும் எழுகிறது. களையிழந்த பகுதிக்குக் கலைஞர்கள் வருவார்கள், படங்கள் உலகம் சுற்றும், ஊர் ‘துடிப்பானது’ என்று பெயரெடுக்கும், மனை விலை ஏறும், அங்கேயே வாழ்ந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுவார்கள். மார்கேட்டைப் பற்றி இந்தப் பேச்சு உண்டு. ஆனால் பழியை நழுவிய முகப்பு ஒன்றின் தலையில் போடுவது நியாயமில்லை. 2011இல் அங்கே டர்னர் கலைக்கூடம் திறந்ததிலிருந்தே மாற்றம் தொடங்கிவிட்டது. தவிர, அந்த வீட்டைப் பிறகு குடியிருப்பாக மாற்றுவதாகத்தான் அப்போது திட்டம் இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு இடம். 2019இல் மிலான் வடிவமைப்பு வாரத்தில் சின்னெக் ஒரு பழைய பாணி முகப்பை ஜிப் போட்டுத் திறந்துகாட்டினார். உள்ளிருந்து வண்ண ஒளி வழிந்தது. அழகாகவே இருந்தது. செலவை ஏற்றது, புகையிலையைச் சூடாக்கிப் புகைக்கும் கருவியை விற்கும் ஐகோஸ். ‘புதிதாகத் திறக்கும் எதிர்காலம்’ என்கிற மாதிரியான விளம்பர மொழிக்கு ஜிப் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. முன்னறிவு தேவைப்படாத, எல்லோரையும் சிரிக்கவைக்கும், எவரையும் கோபப்படுத்தாத கலை என்பது விளம்பரக்காரர் தேடும் கலையும்தானே. வைன்ஸும் கடைக்காரர் பணத்தில்தான் வேலை செய்தார். ஆனால் கேலி அந்தக் கடையின் மேலேயே விழுந்தது. மிலானில் கேலி யார்மேலும் விழவில்லை.

நிரந்தரமாகிவிட்டால்?

தற்காலிகம் என்பது இந்தக் கலைக்குப் பாதுகாப்பு. தமாஷ் பழகிப்போவதற்குள் எடுத்துவிடுவார்கள். ஆனால் நிரந்தரமாக நிற்பவையும் உண்டு. 2017இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் ஒரு கட்டடத்தின் செங்கல் முகப்பை நடுவில் காகிதம்போலக் கிழித்துவிட்டார் சின்னெக். சுமார் 4,000 செங்கற்கள். முன்பு அங்கே ஒரு பதிப்பகம் இருந்ததால் கிழிந்த தாள். ஆண்டுக்கணக்காக அதற்குக் கீழே காப்பி வாங்கப் போகிறவருக்கு அது இனி அதிசயமில்லை, அடையாளம். ‘சுவர் கிழிஞ்சிருக்குமே, அதுக்கு அடுத்த கட்டடம்’ என்று வழி சொல்லலாம்.

இப்படி ஒரு விசித்திரம் ஊரோடு ஒட்டிக்கொள்ளும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு புறநகரான ஹெடிங்டன் நல்ல உதாரணம். 1986 ஆகஸ்ட் 9, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த 41ஆம் ஆண்டு நிறைவு நாள். அன்று காலை அந்தத் தெருக்காரர்கள் எழுந்து பார்த்தபோது, வரிசை வீடு ஒன்றின் கூரையில் ஏழரை மீட்டர் நீளமுள்ள சுறா ஒன்று வானத்திலிருந்து தலைகுப்புற விழுந்து செருகிக்கொண்டிருந்தது. வால் மேலே, தலை ஓடுகளுக்கு உள்ளே. வீட்டுக்காரர் வானொலித் தொகுப்பாளர் பில் ஹைன். கண்ணாடியிழையில் சுறாவைச் செய்தவர் சிற்பி ஜான் பக்லி. நிம்மதியாக இருக்கும் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு எது வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் விழலாம் என்ற அணுகுண்டுக் காலத்து அச்சமும் கோபமும்தான் கரு.

மாநகராட்சி முதலில் ஆபத்து என்றது. பரிசோதித்துப் பார்த்ததில் சுறா உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தது. அடுத்து, அனுமதி வாங்கவில்லை என்றது. அதை எடுத்துப் பொது நீச்சல் குளம் மாதிரி ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனையும் சொன்னது. சுறாவை நீரில் வைத்தால் அதில் என்ன இருக்கிறது என்பது அதிகாரிகளுக்குப் படவில்லை. இழுபறி ஆறு ஆண்டுகள். மேல்முறையீடு மத்திய அரசுவரை போய், 1992இல் சுறா இருக்கலாம் என்று முடிவானது. எந்தக் கட்டுப்பாட்டு முறையும் எதிர்பாராததற்கும் கொஞ்சம் கோணங்கித்தனத்துக்கும் சிறிதாவது இடம் விட்டுவைக்க வேண்டும் என்பது அந்த முடிவை எழுதிய ஆய்வாளர் சொன்னதன் சாரம். அரசாங்கத் தாளில் இப்படி ஒரு கருத்து வருவது அபூர்வம்.

பில் ஹைன் 2019இல் இறந்தார். 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநகராட்சி அந்தச் சுறாவை உள்ளூர்ப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த வீட்டைப் பற்றி இனி எந்தத் திட்ட அனுமதி முடிவு எடுத்தாலும் சுறாவையும் கணக்கில் கொள்ள வேண்டும். குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள்: மக்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று மாநகராட்சி முடிவு செய்வதை எதிர்த்தும்தானே அனுமதி கேட்காமல் இதை வைத்தது, அதே மாநகராட்சி வந்து பாதுகாக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு, சுறாவைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.